பேச்சா, செவியா? நாட்டைத் தேர்வு செய்வதற்கு முன் ஒரு கேள்வி

செவித்திறனையும் பேச்சு சிகிச்சையையும் சேர்த்துக் கற்பிக்கும் இளங்கலைப் படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி.யின் கடைசி ஆண்டில், இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: அமெரிக்காவா, இங்கிலாந்தா, ஆஸ்திரேலியாவா, இங்கேயே எம்.எஸ்சி.யா? பெற்றோரும் இதையேதான் கேட்கிறார்கள். கூடவே செலவு எவ்வளவு என்றும் கேட்பார்கள். என் கருத்தில், இதற்கு முன்பே பதில் சொல்லியிருக்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. பேச்சு, மொழி, விழுங்கல் கோளாறுகளைக் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகப் போகிறீர்களா, காது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் ஆகப் போகிறீர்களா? அதற்கு விடை இல்லாமல் நாடுகளை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகவே வரும். ஒரே நாடு ஒரு துறைக்குக் கதவைத் திறந்தும், மற்றொன்றுக்குப் பாதி மூடியும் வைத்திருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கேள்வி எழாமலே நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். நம் பட்டம் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறது. மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். காலையில் ஒலிபுகா அறையில் மூன்று வயதுக் குழந்தைக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு வளையத்தைக் கம்பில் போடச் சொல்லிப் பழக்கி, அந்த விளையாட்டிலிருந்தே கேட்புத்திறன் வரைபடமான ஆடியோகிராமை எடுக்கிறார் மாணவர். மதியம் அவரே தெரபி அறையில், பக்கவாதத்துக்குப் பிறகு சொல் வராமல் தவிக்கும் பெரியவருக்கு ஒரு சாவியின் படத்தைக் காட்டி, ‘சா...’ என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கிறார். இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்று நமக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவை இரண்டு தனித் தொழில்கள். படிப்பு வேறு, சான்று வேறு. இங்கிலாந்தில் பதிவு செய்யும் அமைப்பே வேறு.

இங்கே என்ன வேண்டும்?

முதலில் நம் ஊர்க் கணக்கு. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் யாரையெல்லாம் மறுவாழ்வுத் தொழில் வல்லுநர் என்று சொல்கிறதோ, அந்தப் பட்டியலில் முதலில் நிற்பவர்கள் ஆடியாலஜிஸ்டுகளும் ஸ்பீச் தெரபிஸ்டுகளும்தான். கவுன்சிலை எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றே சொல்கிறோம். அது அங்கீகரித்த கல்லூரியில் படித்து, இன்டர்ன்ஷிப் முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறினால் நாடு முழுவதும் தொழில் செய்யலாம். தனியாகத் தேசிய அளவிலான உரிமத் தேர்வு எதுவும் கிடையாது. பல்கலைக்கழகத் தேர்வில் தேறியதே போதும். பதிவைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கருத்தரங்கு, பயிலரங்குகளில் கலந்துகொண்டு சி.ஆர்.இ. எனப்படும் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

பதிவு இல்லாமல் தொழில் செய்வது குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். ஆயிரம் ரூபாய்க்கு இன்று சென்னையில் எத்தனை தெரபி அமர்வு கிடைக்கும் என்று யோசித்தால், பதிவில்லாமல் காது மெஷின் கடை நடத்துபவர்கள் ஏன் பயப்படுவதில்லை என்பது புரியும். பதிவை அலட்சியம் செய்யலாம் என்று இதற்குப் பொருளில்லை. அரசு வேலை, நல்ல மருத்துவமனை, வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாவற்றிலும் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான். இந்தியப் பேச்சு, செவித்திறன் சங்கமான ‘இஷா’வின் உறுப்பினர் அட்டை நல்லதுதான், ஆனால் அது ஆர்.சி.ஐ. பதிவுக்கு மாற்றாகாது. ஓராண்டு டிப்ளமா முடித்தவர்களும் தனியாக நோய் கண்டறிந்து தெரபி நடத்தும் தகுதி உடையவர்கள் ஆகிவிடுவதில்லை. அவர்கள் உதவியாளர் நிலையில் இருப்பவர்கள். சேர்க்கைக்கு முன்பே இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிரிவு வருவது முதுகலையில்தான். முன்பு எம்.ஏ.எஸ்.எல்.பி. என்று ஒன்றாக இருந்தது, இப்போது இரண்டாண்டு எம்.எஸ்சி. ஆடியாலஜி, எம்.எஸ்சி. ஸ்பீச் லாங்வேஜ் பேத்தாலஜி என இரண்டாகிவிட்டது. 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இன்றும் பலருக்கு முதல் விருப்பம். சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா, மெர்ஃப் ஆகிய கல்வி நிறுவனங்கள் இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. பிரச்சினை என்னவென்றால், எந்தப் பிரிவு என்பதைப் பல மாணவர்கள் தீர்மானிப்பதில்லை. நுழைவுத் தேர்வில் வந்த ரேங்கும், மிச்சமிருக்கும் இடமும் தீர்மானிக்கின்றன. இங்கேயே இருந்துவிடுபவருக்கு அதனால் பெரிய சேதமில்லை, ஏனென்றால் இளங்கலைப் பதிவே இரண்டு வேலைக்கும் உரிமை தருகிறது. வெளிநாடு போகிறவருக்கு அந்த ரேங்க் பத்தாண்டு வாழ்க்கையை முடிவு செய்துவிடும்.

அமெரிக்கா: பேச்சுக்கு ஒரு வழி, செவிக்கு வேறு வழி

அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது முதலில் தீர்க்க வேண்டிய குழப்பம், உரிமமும் சான்றும் ஒன்றல்ல என்பது. தொழில் செய்ய மாநில அரசின் உரிமம் சட்டப்படி கட்டாயம். ‘ஆஷா’ என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் தருகிற சி.சி.சி. என்பது தொழில்முறைச் சான்று, சட்டப்படி விருப்பத்துக்குரியது. ஆனால் பல மாநிலங்கள் உரிமத்துக்குக் கேட்பதும் சி.சி.சி.க்குக் கேட்பதும் ஏறத்தாழ ஒன்றே. மருத்துவமனைகளும் அதை எதிர்பார்க்கின்றன. பள்ளியில் வேலை என்றால் சில மாநிலங்களில் கல்வித் துறையின் சான்றும் தனியாக வேண்டும். ஒரு மாநிலத்து உரிமம் இன்னொரு மாநிலத்தில் செல்லாது. இதைச் சரிசெய்ய மாநிலங்களுக்கு இடையே ஓர் உடன்படிக்கை உருவாகி, பல மாநிலங்கள் சட்டம் இயற்றிச் சேர்ந்திருக்கின்றன. என்றாலும் இப்போதைக்கு எந்த மாநிலம் என்று தீர்மானித்துக்கொண்டு அதன் விதியைப் படிப்பதே பாதுகாப்பு.

பேச்சுப் பிரிவில் தேவைகள் தெளிவாக இருக்கின்றன. முதுகலைப் பட்டம். 400 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி. அதில் 25 மணி நேரம் பார்வையாளராக, 375 மணி நேரம் நோயாளியோடு நேரடியாக. 400இல் 325 முதுகலைப் படிப்பின்போதே செய்திருக்க வேண்டும். பிறகு பிராக்ஸிஸ் தேர்வு. 100 முதல் 200 வரையான அளவில் 162 எடுத்தால் தேர்ச்சி. கடைசியாக கிளினிக்கல் ஃபெலோஷிப்: முழுநேரமாக 36 வாரம், குறைந்தது 1,260 மணி நேரம், சி.சி.சி. வைத்திருக்கும் ஒருவரின் வழிகாட்டலில். சான்று கிடைத்த பிறகு மூன்றாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி.

நம் மாணவர்கள் சறுக்குவது பயிற்சி நேரக் கணக்கில் அல்ல, அடிப்படைப் பாடங்களில். உயிரியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல், இவற்றோடு இயற்பியல் அல்லது வேதியியல் ஒன்று, கல்லூரி நிலையில் படித்திருக்க வேண்டும் என்கிறது ஆஷா. ப்ளஸ் டூவில் வேதியியலில் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் அது பள்ளிக்கூட வேதியியல்தான். அங்கே போன பிறகு ஒரு பருவம் கூடுதலாகப் பணம் கட்டிப் படிப்பதைவிட, கிளம்பும் முன்பே சேர வேண்டிய துறையிடம் எந்தப் பாடம் குறைகிறது என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

செவிப் பிரிவு வேறு உலகம். 2012 முதல் ஆடியாலஜியில் ஆஷாவின் சான்றுக்கு முனைவர் நிலைப் பட்டம் கட்டாயம். பெரும்பாலும் அது நான்காண்டு ஏயு.டி. படிப்பு, கடைசி ஆண்டு வெளி இடங்களில் பயிற்சி. இங்கே இரண்டாண்டு எம்.எஸ்சி. ஆடியாலஜி முடித்துவிட்டுப் போகிறவர் அதைக் காட்டி ‘பாதி முடித்துவிட்டேன்’ என்று சொல்லிவிட முடியாது. எத்தனை பாடத்துக்கு விலக்கு கிடைக்கும் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மனம். ஆகவே அமெரிக்காவில் ஆடியாலஜிஸ்ட் ஆவதே குறிக்கோள் என்றால், இங்கே எம்.எஸ்சி. படிப்பது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. இளங்கலையோடு நேராக ஏயு.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பேச்சுப் பிரிவில் நிலைமை அப்படியில்லை. இந்திய முதுகலையை ஆஷா மதிப்பீடு செய்து, பாடமும் பயிற்சியும் தங்கள் அளவுக்கு இணையாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும் வழி ஒன்று வைத்திருக்கிறது.

அப்படியானால் இங்கே முதுகலை முடித்து நேரடியாக விண்ணப்பிப்பதா, அங்கே போய் முதுகலை படிப்பதா? காகிதத்தில் முதல் வழி மலிவு. நடைமுறையில் இரண்டாவது வழிக்குத்தான் பலம் அதிகம், அதற்குக் காரணம் விசா. அங்கே படித்து முடித்த மாணவருக்கு 12 மாத ஓ.பி.டி. வேலை அனுமதி உண்டு. 36 வார ஃபெலோஷிப் அதற்குள் அடங்கிவிடுகிறது. இங்கிருந்து நேராகப் போகிறவர் ஃபெலோஷிப்புக்கே ஒரு முதலாளியைப் பிடித்து, அவரை விசாவுக்கு விண்ணப்பிக்க வைக்க வேண்டும். வேலைக்குப் போகும் வெளிநாட்டு ஸ்பீச் தெரபிஸ்டுகளும் ஆடியாலஜிஸ்டுகளும், செவிலியரைப் போலவே, ‘விசாஸ்கிரீன்’ போன்ற சுகாதாரப் பணியாளர் சான்றும் பெற வேண்டும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். மாணவர் விசாவில் உள்ளே இருந்தபடி மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை அடுத்த மாதம் விளக்கியது. ஒரு ஸ்பீச் தெரபிஸ்டுக்காக ஒரு லட்சம் டாலர் கட்ட எந்தப் பள்ளி மாவட்டமும் முன்வரும் என்று நான் நம்பவில்லை. விதிகள் மாறலாம். ஆனால் அங்கே படித்தவருக்கு இருக்கும் சாதகம் இப்போதைக்குப் பெரியது. எச்-1பி குலுக்கல் என்னும் தலைவலி இருவருக்கும் பொது.

உச்சரிப்பைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. நம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலக் குழந்தைகளின் உச்சரிப்பைத் திருத்துவதா என்று கேட்பார்கள். வேற்று உச்சரிப்பு ஒரு குறைபாடு அல்ல. தேவையான அறிவும், இலக்கு ஒலியைச் சரியாக ஒலித்துக் காட்டும் திறனும் இருந்தால் அதை வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று ஆஷா 1998லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வேலை தருபவர் எல்லோரும் அதைப் படித்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்து: இளங்கலை போதும், ஆங்கிலம் போதாது

இங்கிலாந்தில் கதை தலைகீழ். ‘ஸ்பீச் அண்ட் லாங்வேஜ் தெரபிஸ்ட்’ என்ற பெயரே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. எச்.சி.பி.சி. என்னும் அரசு சார்ந்த கவுன்சிலில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அந்நாட்டிலேயே இளங்கலைப் பட்டத்தோடு தெரபிஸ்ட் ஆகலாம் என்பதால், நம் நான்காண்டு பி.ஏ.எஸ்.எல்.பி.யோடு நேராக விண்ணப்பிக்கலாம். தேர்வு கிடையாது. கவுன்சிலின் தகுதி வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உங்கள் பாடத்திட்டமும் பயிற்சியும் அதை நிறைவு செய்கிறதா என்று மதிப்பீட்டாளர்கள் பார்ப்பார்கள். குறைந்தால் கூடுதல் ஆவணம் கேட்பார்கள். விழுங்கல் கோளாறில் நேரடி அனுபவம் எவ்வளவு என்ற கேள்வியில் நம்மவர்கள் திணறுவது உண்டு, ஏனென்றால் எல்லாக் கல்லூரியிலும் அந்தப் பயிற்சி ஒரே அளவில் கிடைப்பதில்லை.

தடை ஆங்கிலத்தில்தான். மற்ற பல தொழில்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 7 கேட்கும் எச்.சி.பி.சி., ஸ்பீச் தெரபிஸ்டுகளிடம் மட்டும் மொத்தம் 8, எந்தப் பகுதியிலும் 7.5க்குக் குறையக் கூடாது என்கிறது. நன்றாகப் பேசுகிறவர்களுக்கும் எழுத்துப் பகுதியில் 7.5 எடுப்பது எளிதன்று. வேலையே மொழி என்பதால் இந்த அளவு நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏஜென்டிடம் முன்பணம் கட்டுவது நியாயமில்லை. முதலில் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள், 6.5 வருகிறதென்றால் விண்ணப்பத்தை அப்படியே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் ஓராண்டு செலவிடலாம்.

செவிப் பிரிவுக்காரர்களுக்கு இங்கிலாந்து ஒரு புதிர். ‘ஆடியாலஜிஸ்ட்’ என்ற பெயர் எச்.சி.பி.சி.யின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. காதுகேள் கருவி வழங்குநர் என்ற தொழிலை மட்டும் 2010 முதல் அந்தக் கவுன்சில் பதிவு செய்கிறது. தனியார் கடையில் கருவி பொருத்தி விற்க அந்தப் பதிவு கட்டாயம். அரசு மருத்துவச் சேவையில் வேலை செய்யும் ஆடியாலஜிஸ்டுகள் விருப்பப் பதிவேடுகளில் பெயர் சேர்க்கிறார்கள். இதில் ஒரு வசதி உண்டு. பதிவுக்கான தடை குறைவு, 8 என்ற அந்த ஆங்கில மதில் செவிப் பிரிவின் முன்னால் இல்லை. வேலை தருபவரின் முடிவுதான் எல்லாம் என்பது அதன் மறுபக்கம்.

ஆஸ்திரேலியா, கனடா: சுருக்கமாக

ஆஸ்திரேலியாவில் மருத்துவர், செவிலியரைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு இந்த இரு தொழில்களையும் பதிவு செய்வதில்லை. தொழில் சங்கங்களே சான்று தருகின்றன. அதனால் சான்று இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சங்கத்தின் தகுதி இல்லாதவர் தரும் தெரபிக்கு அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தராது. பேச்சுப் பிரிவுக்கு ஸ்பீச் பேத்தாலஜி ஆஸ்திரேலியா என்ற சங்கம். திறன்சார் குடியேற்றத்துக்கான மதிப்பீட்டையும் அதுவே செய்கிறது. செவிப் பிரிவு அங்கே முதுகலை நிலைத் தொழில். ஆகவே நம் எம்.எஸ்சி. ஆடியாலஜிக்கு அமெரிக்காவில் கிடைக்காத மதிப்பு ஆஸ்திரேலியாவில் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆடியாலஜியில் முதுகலை முடித்துவிட்டு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.

கனடாவில் பெரும்பாலான மாகாணங்கள் தனித்தனி ஒழுங்குமுறை அமைப்பு வைத்திருக்கின்றன, முதுகலையே அடிப்படை. டொராண்டோ வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் குழந்தையின் தாமதம் மொழிக் கோளாறா, இருமொழிச் சூழலின் இயல்பா என்று பிரித்தறிய இரண்டு மொழியும் தெரிந்த தெரபிஸ்ட் வேண்டும். தமிழ் ஒரு தகுதியாகக் கணக்கில் வரும் அரிதான இடம் அது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாட்டுச் சங்கங்களுக்கு இடையே பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் இருக்கிறது. ‘முதலில் இங்கிலாந்தில் பதிவு செய்துவிட்டால் அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தாவிவிடலாம்’ என்று ஏஜென்டுகள் சொல்வது இதை வைத்துத்தான். இந்தியா அதில் இல்லை. ஆடியாலஜியும் அதில் இல்லை. பேச்சுப் பிரிவிலும்கூட முழு விலக்கு கிடையாது. ஒவ்வொரு சங்கமும் தனக்கான நிபந்தனைகளை வைத்திருக்கிறது. அந்நாடுகளில் ஒன்றில் படித்துச் சான்று பெற்றவருக்கு உதவும் ஏற்பாடு அது, இந்தியப் பட்டத்தோடு குறுக்குவழி தேடுகிறவருக்கு அல்ல.

யாருக்கு எது?

பேச்சுப் பிரிவில் ஆர்வம், ஆங்கிலம் வலுவாக இருக்கிறது, செலவுக்குப் பணம் இல்லை: இங்கிலாந்து. இளங்கலையோடு, ஓரிரு ஆண்டு இங்கே மருத்துவமனை அனுபவம் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம். பேச்சுப் பிரிவு, கல்விக்கடன் வாங்கத் துணிவு இருக்கிறது: அமெரிக்காவில் முதுகலை. விசா நிலையின்மையைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டுப் போகலாம். செவிப் பிரிவு, அமெரிக்காதான் வேண்டும் என்றால் எம்.எஸ்சி.யில் இரண்டாண்டு செலவிடாமல் ஏயு.டி. செவிப் பிரிவு, நாடு எதுவானாலும் சரி என்றால் இங்கே எம்.எஸ்சி., பிறகு ஆஸ்திரேலியா.

இங்கேயே இருப்பதை நான் கடைசி இடத்தில் வைக்கவில்லை. கேட்க உதவும் கருவியைக் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைக்குத் தமிழகத்தில் அரசு காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. ஆனால் அறுவை முடிந்த குழந்தைக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் செவிவழிப் பயிற்சி வேண்டும். சென்னையிலும் கோவையிலும் அதற்கு ஆள் கிடைப்பதுபோல் சிறு ஊர்களில் கிடைப்பதில்லை. ஒரு கிளினிக்கில் செவிப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் சேர்த்து நடத்த உங்களை அனுமதிக்கும் பட்டம் நம் பி.ஏ.எஸ்.எல்.பி. மேலே சொன்ன நாடுகளில் அந்தச் சுதந்திரம் எளிதில் கிடைக்காது. சம்பளம் குறைவு என்பது உண்மை. தொடக்கச் சம்பளத்தைச் சொன்னால் பெற்றோர் முகம் சுருங்கும். சொந்த கிளினிக் வைத்து ஐந்தாறு ஆண்டு தாக்குப்பிடித்தவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள்.

எந்த முடிவாக இருந்தாலும், கல்லூரியை விட்டு வெளியேறும் முன் முடித்துவிட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கிளினிக்கல் பதிவு நோட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் தேதி, நோயாளி எண், ‘தெரபி, 45 நிமிடம்’, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் இருக்கும். வெளிநாட்டு அமைப்புகள் கேட்பது வேறு: குழந்தையா பெரியவரா, மதிப்பீடா சிகிச்சையா, திக்குவாயா, குரல் கோளாறா, விழுங்கலா, மேற்பார்வையாளர் யார், அவர் பதிவு எண் என்ன. நான்காண்டு நோட்டுகளை இந்தத் தலைப்புகளில் பிரித்துக் கூட்டி, துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தை, பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு, இரண்டு பிரதி. மேற்பார்வையாளர்கள் வேலை மாறுவார்கள், பாடத்திட்டமும் மாறும். ஐந்தாண்டு கழித்து அலுவலகத்தில் போய்க் கேட்டால் ‘பழைய ரெக்கார்டு ரூமில் தேட வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள்’ என்பதுதான் பதிலாக வரும்.